மூடிய காதுக்கு ஒலி எந்த வழியில்? ட்ரெச்சர் காலின்ஸ் குழந்தைக்கான காது மிஷின்கள்: ஓர் ஒப்பீடு

ட்ரெச்சர் காலின்ஸ் குறைபாட்டோடு பிறந்த குழந்தையின் பெற்றோருக்கு முதல் இரண்டு மாதத்திலேயே நாலு விதமான யோசனை வந்து சேர்ந்துவிடும். "தலையில் பெல்ட் மாதிரி ஒன்று மாட்டுங்கள்" என்பார் கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட். "ஐந்து வயதுக்கு மேல் ஆபரேஷன் இருக்கிறது, இப்போது என்ன அவசரம்" என்பார் வேறொருவர். காதுத் துவாரத்தைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பாட்டி நம்புவார். காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றிய செய்தியைச் சித்தப்பா அனுப்பிவைப்பார். எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் சொல்வது வேறு வயதுக்கும் வேறு காதுக்குமானது.

முதலில் அடிப்படை. கன்ன எலும்பும் கீழ்த்தாடையும் சிறுத்து, கண்களின் வெளி ஓரம் கீழே சரிந்து, காது மடல் முழுதாக வளராமல் பிறக்கும் பரம்பரைக் குறைபாடு இது. ஏறத்தாழ 50,000 பிறப்புகளில் ஒன்று. பெரும்பாலும் டிசிஓஎஃப்1 என்ற ஜீனில் ஏற்படும் மாற்றமே காரணம். இந்த மாற்றம் உள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஆனால் பத்தில் ஆறு குழந்தைகளுக்கு, அப்பா அம்மா இருவரிடமும் இல்லாமல் புதிதாகவே வருகிறது. இந்த ஜீன் மாற்றம் சொந்தத்தில் கல்யாணம் செய்ததாலோ கிரகணத்தாலோ வருவதில்லை.

ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கேட்கும் திறன் குறைகிறது. துவாரம் மூடியிருக்கும், அல்லது நடுக்காதின் சின்ன எலும்புகள் சரியாக உருவாகியிருக்காது. உள்காதும் நரம்பும் பொதுவாக நன்றாகவே இருக்கும். வாசல்தான் அடைபட்டிருக்கிறது. அதனால் பழுதான உள்காதுக்குப் பதிலாக நரம்பைத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்டுக்கு இங்கே வேலையே இல்லை. சித்தப்பாவுக்கு நன்றி சொல்லி அதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அறிவு வளர்ச்சியும் பொதுவாக இயல்பானதே. 50, 60 டெசிபெல் இழப்போடு இருக்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதே விழுந்தும் விழாமலும் இருக்கும். இரண்டு வயதில் அது பேசாதபோது, முகத்தைப் பார்த்துவிட்டு 'மந்தம்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்தத் தப்பைத் தடுக்கும் வேலையைத்தான் காது மிஷின் செய்கிறது.

## முடிவெடுக்கும் முன் கையில் இருக்க வேண்டிய ரிப்போர்ட்

உள்காதின் எதிரொலியைத் துவாரத்தில் வைத்து அளக்கும் ஓஏஇ பரிசோதனையைப் பிறந்தவுடன் செய்வார்கள். அது துவாரம் மூடிய காதில் எப்படியும் 'ஃபெயில்' என்றுதான் வரும். அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. தேவைப்படுவது, ஒலிக்கு நரம்பும் மூளையும் காட்டும் மின்பதிலை அளக்கும் பெரா டெஸ்ட். அதிலும் காற்று வழி (காதுத் துவாரம் வழியாக), எலும்பு வழி (மண்டை எலும்பின் அதிர்வாக) என இரண்டையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். காற்று வழியை மட்டும் அளந்தால் ரிப்போர்ட்டில் இழப்பு பெரிதாக இருக்கும், ஆனால் உள்காது நன்றாக இருப்பது தெரியவராது. எலும்பு வழியில் அளவு இயல்பாக இருந்தால்தான் கீழே வரும் வழிகள் எல்லாம் பொருந்தும். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவி என்ற பொதுக் கணக்கு இந்தக் குழந்தைக்கும் பொருந்தும்.

இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பெராவுக்குக் குழந்தையைத் தூங்கவைக்க ட்ரைக்ளோஃபாஸ் போன்ற சிரப் கொடுப்பது வழக்கம். தாடை சிறுத்த குழந்தைக்கு அந்த ஆழ்ந்த தூக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கலாம். முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் மருந்தே தேவைப்படாது. போகும் வழியில் தூங்கவிடாமல், பசியோடு கொண்டுபோய், அங்கேயே பால் கொடுத்துத் தூங்கவைத்தால் போதும். மருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மயக்க மருந்து டாக்டரும் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியும் பக்கத்தில் இருக்கட்டும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, எவ்வளவு சீக்கிரம் தொடங்கலாம் என்பது. பேச்சு மூளையில் வேர்விடும் முதல் மூன்று ஆண்டு திரும்பி வராது. இரண்டாவது, மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள் எவ்வளவு தெளிவாகப் போய்ச்சேரும் என்பது. பட்டு, கட்டு, தட்டு மூன்றையும் பிரித்துக் காட்டுவது அந்த மேல் சுருதிதான். 'ஸ்', 'ஷ்' இரண்டும் முழுக்க அங்கேதான் இருக்கின்றன.

மூன்றாவது மயக்க மருந்து. ட்ரெச்சர் காலின்ஸ் குழந்தைக்கு மூச்சுக்குழாய்க் குழல் போடுவதே கடினம், வயது ஏறும்போது அந்தச் சிரமம் கூடவும் செய்யலாம். 'சின்ன ஆபரேஷன்' என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தாது.

நான்காவது, பின்னால் வரப்போகும் காது மடல் ஆபரேஷனுக்கு இது இடைஞ்சலாகுமா என்பது. ஐந்தாவது, வாங்கிய பிறகு வருடா வருடம் என்ன செலவு, தினம் என்ன வேலை என்பது. கடையில் சொல்லும் விலை முதல் தவணைதான்.

## சாஃப்ட்பேண்ட்

அகலமான எலாஸ்டிக் பட்டை, அதில் ஒலியை அதிர்வாக மாற்றும் ஒரு சிறிய பெட்டி. அதிர்வு தோலையும் எலும்பையும் கடந்து நேராக உள்காதுக்குப் போகும். ஆபரேஷன் கிடையாது. பிறந்து சில வாரங்களில் தொடங்கலாம், பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம். ஐந்து வயதுக்குக் கீழே இதற்கு ஈடான வழி இல்லை என்பதே எங்கள் கணிப்பு. "பெரியவனானதும் ஒரேயடியாக ஆபரேஷன் செய்துகொள்ளலாம்" என்று இதைத் தள்ளிப்போடுவதுதான் நாங்கள் பார்ப்பதில் மிக விலை உயர்ந்த தப்பு.

பெட்டி எலும்பின் மேல் பதிய வேண்டும். காதுக்குப் பின்பக்கம் நல்ல இடம். நெற்றியிலும் வைக்கலாம். உச்சிக்குழியின் மேல் வைக்கக் கூடாது. இந்தக் குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பே சிறியதாக இருக்கலாம் என்பதால், தட்டையாக உட்காரும் இடத்தை ஆடியாலஜிஸ்டோடு சேர்ந்து விரலால் தடவிப் பார்த்துத் தேடுங்கள். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு நுழைந்தால் தளர்வு. தளர்ந்தால் முதலில் போவது மேல் சுருதி. இறுக்கினால் தோல் சிவக்கும். கழற்றி அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிவப்பு மறையாவிட்டால் ஒரு சுற்று தளர்த்துங்கள். ஒரே இடத்தில் அழுத்தாமல் இடம், வலம், நெற்றி என்று நாளுக்குள் மாற்றுங்கள்.

பிறக்கும்போது ஏறத்தாழ 35 செ.மீ. இருக்கும் தலைச் சுற்றளவு ஒரு வயதில் 46 செ.மீ.க்குப் பக்கத்தில் வந்துவிடும். மாதம் ஒரு முறையாவது அளவைச் சரிபாருங்கள். நம் ஊர் வேர்வைக்கு இரண்டு பட்டை இல்லாமல் முடியாது. ஒன்று காயும்போது ஒன்று தலையில் இருக்கும். பெட்டியைக் கழற்றிவிட்டுக் கையால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள்.

பழக்குவது இப்படி: முதல் இரண்டு நாள், குழந்தை நன்றாக விழித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு நாலைந்து முறை. இரண்டு வாரத்தில் விழித்திருக்கும் நேரம் முழுவதும் என்ற நிலைக்கு வந்துவிட வேண்டும். மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது பெட்டி கையில் பட்டு 'கீ' என்று கத்தும். அப்போது அதை மேல்பக்கத்துக்கு நகர்த்தினால் போதும். பலர் அந்தச் சத்தத்துக்குப் பயந்து பால் நேரத்தில் கழற்றிவிடுகிறார்கள். அம்மாவின் பேச்சு மிகப் பக்கத்தில் கேட்கும் நேரம் அதுதான்.

தினமும் காலையில் ஒரு நிமிடச் சோதனை உண்டு. வாயைக் கையால் மறைத்து, ஒரு மீட்டர் தள்ளி, ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். நேற்று 'ஷ்' சத்தத்துக்குத் திரும்பிய குழந்தை இன்று திரும்பாவிட்டால், பட்டையைப் பாருங்கள், பேட்டரியைப் பாருங்கள், அப்புறம் சளியைச் சந்தேகியுங்கள்.

குறைகள் இரண்டு. தோல் நடுவில் இருப்பதால் மேல் சுருதி 10 முதல் 15 டெசிபெல் வரை மங்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் தூரத்தில் நின்று பேசும்போது இது தெரியவரும். இரண்டாவது, எட்டு ஒன்பது வயதில் குழந்தையே "தலையில் கட்ட மாட்டேன்" என்று சொல்லும் நாள் வரும்.

ஒரு மறைமுகச் செலவை இப்போதே யோசியுங்கள். பாஹா, பான்டோ வகைகளில், இன்று பட்டையில் மாட்டும் அதே பெட்டியை நாளை எலும்பில் பதித்த திருகின் மேல் மாட்டலாம். தோலுக்கு அடியில் வைக்கும் ஓசியா, போன்பிரிட்ஜ் போன்றவற்றுக்கு அவற்றுக்கே உரிய வெளிப்பெட்டி வேண்டும், பழையது உதவாது. பெட்டிதான் செலவின் பெரும்பகுதி.

இரண்டு பக்கமும் மூடியிருக்கும் குழந்தைக்கு ஒரு பெட்டியா, இரண்டா? எலும்பு வழியில் ஒரு பெட்டியின் அதிர்வே இரண்டு உள்காதுக்கும் போய்விடும். பேச்சு தொடங்க ஒன்று போதும். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிரித்தறிய இரண்டு வேண்டும். பணம் ஒன்றுக்கு மட்டும் இருந்தால் ஒன்றோடு இன்றே தொடங்குங்கள். இரண்டுக்குச் சேர்த்துக்கொண்டு ஒரு வருடம் காத்திருக்காதீர்கள்.

## பாக்கெட் மிஷினும் எலும்பு வைப்ரேட்டரும்

சட்டைப் பையில் வைக்கும் பழைய வகைப் பெட்டி, வயர், ஹேர்பேண்ட் போன்ற கம்பியின் முனையில் ஒரு வைப்ரேட்டர். விலை மிகக் குறைவு. கம்பி அழுத்தி வலிக்கும், மைக் நெஞ்சில் இருப்பதால் துணி உரசும் சத்தமெல்லாம் கேட்கும், தவழும் குழந்தை வயரைப் பிடுங்கும். சாஃப்ட்பேண்ட் கைக்கு வரும்வரை இரண்டு மூன்று மாதம் ஓட்ட இது பரவாயில்லை. வெறும் தலையோடு காத்திருப்பதைவிட நூறு மடங்கு மேல்.

## தோலில் ஒட்டும் வகை

அட்ஹியர் போன்ற கருவிகளில் காதுக்குப் பின்னால் ஒரு ஸ்டிக்கர், அதன் மேல் பெட்டி. அழுத்தம் இல்லை, பட்டை இல்லை, முடி மறைத்துக்கொள்ளும். எலும்பு வழி அளவு 25 டெசிபெல்லுக்குள் இருந்தால்தான் இதன் பலம் போதும்.

ஒரு ஸ்டிக்கர் 3 முதல் 7 நாள் வரை நிற்க வேண்டும் என்பது கணக்கு. தலைக்குத் தேங்காய் எண்ணெய், மே மாத வேர்வை, விளையாட்டு என்று வந்தால் மூன்று நாளைத் தாண்டாது. ஐந்து நாள் என்றே வைத்தாலும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வருடத்துக்கு 146 ஸ்டிக்கர். மூன்று நாள் என்றால் 240-ஐத் தாண்டும். வாங்கும் முன் ஸ்டிக்கர் பாக்கெட் விலையைக் கேட்டு இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். மடல் வளராத காதில் முடியில்லாத, தட்டையான தோல் ஸ்டிக்கர் அளவுக்கு இருக்குமா என்பதும் சந்தேகம். ஒரு வாரம் வெறும் ஸ்டிக்கரை ஒட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எண்ணெய் தேய்க்கும் வீடு என்றால் ஒட்டும் இடத்தை விட்டுத் தேய்த்து, அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும்.

பட்டையை வெறுக்கும், ஆனால் ஆபரேஷனுக்கு இன்னும் தயாராகாத ஆறு முதல் பத்து வயதுக் குழந்தைக்கு இது நல்ல இடைப்பாலம்.

## தோலைத் தாண்டி நிற்கும் திருகு

1977-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட முறை. 3 அல்லது 4 மி.மீ. நீள டைட்டானியம் திருகை மண்டை எலும்பில் பதிக்கிறார்கள். எலும்பு அதைப் பிடித்துக்கொண்ட பிறகு, தோலுக்கு வெளியே நிற்கும் முளையில் பெட்டியைச் சொடுக்கி மாட்டுவது. நடுவில் தோல் இல்லாததால் மேல் சுருதி மங்காது.

பொதுவாக 5 வயதுக்குப் பிறகுதான். அதற்கு முன் எலும்பு மெலிவாக இருக்கும், திருகு பிடிக்காது. சின்னப் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள்: திருகு, பிறகு 3 முதல் 6 மாத இடைவெளி, அதன்பின் முளை. இரண்டு கட்டம் என்றால் இரண்டு மயக்கம். அண்ணப்பிளவு, தாடை என்று வேறு ஆபரேஷன் வரிசையில் இருந்தால், ஒரே மயக்கத்தில் சேர்த்துச் செய்ய முடியுமா என்று இஎன்டி டாக்டரிடமும் பிளாஸ்டிக் சர்ஜனிடமும் ஒரே நேரத்தில் கேளுங்கள்.

பின்னால் தொல்லை தருவது தோல்தான். முளையைச் சுற்றி அழுக்கு சேர்ந்தால் சிவந்து, கசிந்து, சில நேரம் தோலே முளையின் மேல் வளர்ந்துவிடும். தினமும் மென்மையான பிரஷ்ஷால் சுற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். குளித்த பிறகு செய்தால் காய்ந்த பொருக்கு ஊறி எளிதில் வரும். மொட்டை போடும்போது அந்த இடத்தில் சவரக்கத்தி படக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விழுந்து அடிபட்டால் திருகு கழன்றுவிடலாம், பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இது அதிகம். அதனால் சில சர்ஜன்கள் முதல் ஆபரேஷனிலேயே பக்கத்தில் ஓர் உபரித் திருகைப் பதித்து, தோலால் மூடி வைத்துவிடுகிறார்கள். அதைச் செய்வார்களா என்று கேட்டுவையுங்கள்.

அதைவிட முக்கியமானது இடம். பின்னாளில் விலா எலும்புக் குருத்தாலோ பாலிஎத்திலீன் அச்சாலோ காது மடல் செய்ய நினைத்தால், திருகும் அதன் தழும்பும் அந்த இடத்துக்குள் வரக் கூடாது. மடலைப் போர்த்தப் பயன்படும் பொட்டுப் பகுதிச் சவ்வும் அதன் ரத்தக்குழாயும் வெட்டுப்படக் கூடாது. மடல் செய்யப்போகும் சர்ஜன் பேனாவால் காதின் இடத்தை வரைந்து காட்டிய பிறகே திருகின் இடத்தை முடிவு செய்வது நல்லது.

## தோலுக்கு அடியில் வைக்கும் வகை

வெளியே முளை இல்லை. தோலுக்கு அடியில் கருவி, மேலே காந்தத்தால் ஒட்டும் பெட்டி. இதில் இரண்டு ஜாதி. வெறும் காந்தம் மட்டும் உள்ளே இருந்தால் அதிர்வு தோலைக் கடந்துதான் போக வேண்டும். சாஃப்ட்பேண்டின் அதே மங்கல், கூடவே காந்தம் அழுத்தித் தோல் புண்ணாகும் வாய்ப்பு. அதிரும் பாகமே உள்ளே இருந்தால் அந்த மங்கல் இல்லை. போன்பிரிட்ஜ், ஓசியா இரண்டாவது ஜாதி.

அனுமதி வயது மாடலுக்கும் நாட்டுக்கும் ஏற்ப 5 என்றும் 12 என்றும் மாறும். உள்பாகம் உட்கார எலும்பில் ஆழம் வேண்டும். ட்ரெச்சர் காலின்ஸில் காதுக்குப் பின்னுள்ள எலும்பு சிறியது என்பதால் சிடி ஸ்கேன் பார்க்காமல் 'முடியும்' என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளே காந்தம் இருப்பதால் எம்ஆர்ஐ எந்த அளவு வரை எடுக்கலாம், தலைப் பகுதிப் படம் மறைக்குமா என்பதை மாடல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். தினசரிச் சுத்தம் முடியாத வீட்டுக்கும், முளை வேண்டாம் என்று சொல்லும் பதின்வயதுப் பிள்ளைக்கும் இதுவே மேல்.

## துவாரம் திறக்கும் ஆபரேஷன்

பாட்டிக்குப் பிடித்த வழி, எங்களுக்குப் பெரும்பாலும் பிடிக்காதது. சிடி ஸ்கேனில் நடுக்காதின் ஒவ்வொரு பாகத்துக்கும் மதிப்பெண் போட்டு, பத்துக்கு எட்டும் அதற்கு மேலும் வந்தால் நல்ல வாய்ப்பு, ஐந்தும் அதற்குக் கீழும் என்றால் வேண்டாம் என்பது ஜார்ஸ்டோர்ஃபர் கணக்கு. ட்ரெச்சர் காலின்ஸ் காதுகள் பெரும்பாலும் கீழ்ப்பக்கமே நிற்கும். முக நரம்பு வழக்கமில்லாத பாதையில் ஓடலாம். திறந்த துவாரம் மறுபடி சுருங்கலாம், ஒழுகலாம், அதற்கு மேலும் காது மிஷின் தேவைப்படலாம். மதிப்பெண்ணை எண்ணாகக் கேளுங்கள். இந்த சிடி 5 வயதை ஒட்டி எடுத்தால் போதும், கைக்குழந்தைக்குத் தேவையில்லை.

துவாரம் முழுக்க மூடாமல் குறுகலாக இருந்தால் சாதாரணக் காது மிஷினே மோல்டு செய்து போடலாம். மடல் இல்லாததால் மாட்டத்தான் கொஞ்சம் வித்தை வேண்டும். குறுகிய துவாரத்துக்குள் தோல் கழிவு சேர்ந்து எலும்பை அரிக்கும் என்பதால் இஎன்டி டாக்டர் அவ்வப்போது உள்ளே பார்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த வயதில் | மயக்கம் | மேல் சுருதி | தொடர்ந்து வருவது |
|---|---|---|---|---|
| சாஃப்ட்பேண்ட் | சில வாரங்களில் | இல்லை | ஓரளவு மங்கும் | பட்டை, பேட்டரி |
| பாக்கெட் மிஷின் | உடனே | இல்லை | மோசம் | வயர், பேட்டரி |
| ஒட்டும் வகை | தோல் இடம் தந்தால் | இல்லை | ஓரளவு மங்கும் | ஸ்டிக்கர் |
| திருகு | 5-க்குப் பிறகு | ஒன்று அல்லது இரண்டு | தெளிவு | தினசரிச் சுத்தம், தோல் சிகிச்சை |
| தோலுக்கு அடியில் | 5 அல்லது 12-க்குப் பிறகு | பெரும்பாலும் ஒன்று | ஜாதியைப் பொறுத்தது | தனிப் பெட்டி, எம்ஆர்ஐ கட்டுப்பாடு |
| துவாரம் திறத்தல் | 5-க்குப் பிறகு, சிலருக்கு | ஒன்றுக்கு மேல் ஆகலாம் | சொல்ல முடியாது | துவாரச் சுத்தம், மறு ஆபரேஷன் |

குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குழந்தை என்றால் எந்த வயதானாலும் இந்த அட்டவணையின் ஆபரேஷன் வரிகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் தூக்கப் பரிசோதனை, மூச்சுப்பாதை. அதுவரை சாஃப்ட்பேண்ட். பள்ளியில் நன்றாகப் படிக்கும், ஆனால் டிக்டேஷனில் மட்டும் கடைசி எழுத்தை விடும் ஏழு வயதுக் குழந்தைக்கு, பட்டையோடு எடுத்த கேட்டல் அளவைப் பாருங்கள். மேல் சுருதியில் 30 டெசிபெல்லைத் தாண்டினால் திருகையோ உள்கருவியையோ பற்றிப் பேச நேரம் வந்துவிட்டது.

## பேட்டரி, ஈரம், காகிதம்

பெரும்பாலான பெட்டிகள் பழுப்பு ஸ்டிக்கர் 312 அல்லது ஆரஞ்சு ஸ்டிக்கர் 13 பேட்டரியில் ஓடும். காற்று பட்டால்தான் இவை வேலை செய்யும், எனவே ஸ்டிக்கரை உரித்து ஓரிரு நிமிடம் வைத்துவிட்டுப் போடுங்கள். குழந்தை விழுங்காமல் இருக்கப் பூட்டுள்ள பேட்டரிக் கதவு கேளுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் இரவில் பெட்டியைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள், பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு. எண்ணெய்க் கையோடு மைக் துளையைத் தொடாதீர்கள்.

18 வயதுவரையான குழந்தைகளின் உடல்நலத்துக்கான ஆர்பிஎஸ்கே என்ற அரசுத் திட்டத்தின் கீழ் இயங்கும் டிஇஐசி எனப்படும் மாவட்ட மையத்தில் கேட்டல் பரிசோதனையையும் பேச்சுப் பயிற்சியையும் கேளுங்கள். காப்பீட்டில் ஆபரேஷன் வரும் என்று சொன்னால், வெளிப்பெட்டியும் வருமா, சில வருடம் கழித்து அது பழுதானால் யார் தருவார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் ஒரு சிக்கல் உண்டு. 2016 சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபெல் இழப்பிலிருந்துதான் 'செவித்திறன் குறைந்தவர்' கணக்கு தொடங்குகிறது. துவாரம் மூடியதால் வரும் இழப்பு அந்த 60-ஐ ஒட்டியே நிற்கும். ஒரு டெஸ்டில் 55 என்று வந்து விண்ணப்பம் திரும்பினால் விட்டுவிடாதீர்கள். சளி இல்லாத நாளில், கருவி இல்லாமல், பெராவையும், எந்த அளவு ஒலி கேட்கிறது என்று காட்டும் வயதுக்கேற்ற ஆடியோகிராமையும் மறுபடி எடுத்து இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

காதுகுத்துக்கு நாள் குறிக்கும் முன் பிளாஸ்டிக் சர்ஜனுக்கு ஒரு ஃபோன் போடுங்கள். குறைந்து வளர்ந்த மடலின் நுனிச் சதையைத்தான் நாளைய காதின் தோடு போடும் இடமாகத் திருப்பி வைப்பார்கள். அதில் இப்போதே துளை போடலாமா கூடாதா என்று அவர் சொல்லட்டும்.